மலையகக் குளிரில் மீன்தொட்டி பில்டரைக் கழுவும் முறை: நல்ல பக்டீரியாவைக் காப்பாற்றிக்கொண்டே

பில்டர் வரும் பெட்டிக்குள் ஒரு தாள் இருக்கும். மாதம் ஒருமுறை கழுவுங்கள், உள்ளே இருக்கும் பஞ்சை மாற்றுங்கள் என்று அதில் போட்டிருப்பார்கள். 25, 26 பாகை செல்சியஸில் நிற்கும் தொட்டியை நினைத்து எழுதிய தாள் அது. நுவரெலியாவில் ஹீற்றர் இல்லாத தொட்டி ஆண்டின் பெரும்பகுதி 15, 16 பாகையைச் சுற்றித்தான் நிற்கிறது. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் 18 முதல் 21 வரை. கண்டிக்கு இறங்கினால்தான் 24ஐத் தொடும். கோல்ட் பிஷ்ஷும் கொய்யும் இந்தக் குளிரில் சந்தோஷமாக இருக்கும். பில்டருக்குள் குடியிருக்கும் பக்டீரியாவுக்குத்தான் கஷ்டம். கழுவும்போது அதில் ஒரு பங்கு போய்விட்டால், சூடான தொட்டியில் சில நாட்களில் ஈடாகிவிடும். குளிர்ந்த தொட்டியில் அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் இங்கே கழுவும்போது ஒரு தடவையில் கொஞ்சமாகக் கழுவ வேண்டும், அடுத்த தடவைக்கு நிறைய நாள் விட வேண்டும். கீழே சொல்லப்போவதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

பயந்துபோய்க் கழுவாமலே விடுபவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சரிவராது. ஸ்பொஞ்சின் துளைகள் அடைபட்டால் தண்ணீர் உள்ளே போகாது; தண்ணீர் போகாத இடத்துக்கு ஒட்சிசனும் போகாது; ஒட்சிசன் இல்லாத இடத்தில் நமக்கு வேண்டிய பக்டீரியா வேலை செய்யாது.

பில்டருக்குள் நடப்பது

மீன் அமோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் எச்சமும் அழுகினாலும் வருவது அமோனியாதான். அது மீனுக்கு நஞ்சு. நுண்ணுயிர்களில் ஒரு கூட்டம் அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான், மீனின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் செய்யாது, தண்ணீர் மாற்றும்போது வெளியே போய்விடும்.

இந்த நுண்ணுயிர்களை 1890 வாக்கில் ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினொகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டினார். நைட்ரைட்டைக் கவனிப்பது நைட்ரோபக்டர் என்றுதான் மீன் வளர்ப்பு நூல்கள் நெடுங்காலம் எழுதிக்கொண்டிருந்தன. நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது நைட்ரொஸ்பைரா என்று 1998இல் தெரியவந்தது. அமோனியாவில் தொடங்கி நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியாகவே செய்யும் நைட்ரொஸ்பைரா வகைகளும் உண்டு என்பது 2015இல் வெளியானது. போத்தலில் அடைத்து விற்கும் "பக்டீரியா"வை வாங்குகிறவர்கள் லேபலில் எந்தப் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

கழுவுகிறவர் முக்கியமாக மூன்று விஷயங்களை மனதில் வைக்க வேண்டும். முதலாவது, இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதந்து திரிவது மிகக் குறைவு. ஸ்பொஞ், பீங்கான் வளையம், தொட்டியின் அடியில் கிடக்கும் கூழாங்கல், செடி, கண்ணாடி என்று கிடைத்த பரப்பில் எல்லாம் மெல்லிய வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பொஞ்சை மெதுவாகப் பிழிந்தால் அழுக்கு போகும், படலத்தில் பெரும்பங்கு அப்படியே நிற்கும். அதனால் தொட்டித் தண்ணீரை மாற்றுவதால் பக்டீரியா பெரிதாகக் குறையாது. இரண்டாவது, இவை மிக மெதுவாகப் பெருகும். சாதாரண பக்டீரியாக்களில் சில, அரை மணி நேரத்துக்குள் இரட்டிக்கும்போது, இவற்றுக்கு நல்ல சூட்டிலேயே பல மணி நேரம், சில வேளை ஒரு நாளுக்கு மேலும் ஆகும். வெப்பம் 10 பாகை இறங்கினால் அந்த வேகமும் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

மூன்றாவது ஒட்சிசன். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும்; ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான். அந்த அளவுக்குத் தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் குறையும். ஆனால் குளிர்ந்த தண்ணீர் அதிக ஒட்சிசனைப் பிடித்து வைக்கும் என்பதால், 16 பாகையில் நிற்கும் நுவரெலியாத் தொட்டியிலும் 28 பாகையில் நிற்கும் கொழும்புத் தொட்டியிலும் லீற்றருக்கு 8 மில்லிகிராம் அளவில் கணக்கு ஏறக்குறைய சமமாகிவிடுகிறது. அதே நுவரெலியாவில் கப்பீஸ், ஏஞ்சல் வளர்ப்பதற்காக ஹீற்றர் போட்டு 26க்கு ஏற்றினால் லீற்றருக்கு ஆறரை மில்லிகிராம்தான் மிஞ்சும். குளிருக்கு ஹீற்றர் போடுகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. உயரமான ஊரில் ஹீற்றர் உள்ள தொட்டியின் பில்டர் அடைபட்டால் கீழ்நாட்டை விடச் சீக்கிரம் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். அந்தத் தொட்டிக்கு காற்று மோட்டாரில் குமிழி விடும் ஒரு காற்றுக்கல் கட்டாயம் வேண்டும்.

எப்போது கழுவுவது

கலண்டரைப் பார்த்துக் கழுவ வேண்டாம். தண்ணீர் வரும் வேகத்தைப் பாருங்கள். பில்டர் புதிதாக, அல்லது கழுவி முடித்தவுடன் இருக்கும்போது, அதன் வாயில் ஒரு லீற்றர் ஜாடியைப் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்துத் தொட்டியின் பக்கத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். அந்த நேரம் ஒன்றரை மடங்கானால் கழுவும் காலம் வந்துவிட்டது. காற்று மோட்டாரில் ஓடும் ஸ்பொஞ் பில்டரில் ஜாடி பிடிக்க முடியாது. குழாயின் வாயில் குமிழி தடைப்பட்டுத் தடைப்பட்டு வருவதும், ஸ்பொஞ்சைத் தொட்டவுடன் பழுப்பாகத் தூள் கிளம்புவதும் போதுமான அடையாளம்.

அளவாக மீன் விட்டிருக்கும் குளிர்த் தொட்டியில் ஸ்பொஞ் பில்டருக்கு 5, 6 கிழமைகள் கடக்கும். தொங்கும் பில்டரும் ஏறக்குறைய அப்படித்தான். தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய பெட்டி பில்டரான கனிஸ்டர் மூன்று நான்கு மாதம் தாங்கும். கோல்ட் பிஷ் அதிகம் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பாதியாகும். அவை தின்னும் அளவும் கழிக்கும் அளவும் அப்படி.

மழைக்காலம் இன்னொரு கணக்கு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் கொட்டும்போது குழாயில் கலங்கல் வரும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழைக்கு பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கம் அதே நிலை. அந்தத் தண்ணீரை நேராகத் தொட்டியில் ஊற்றினால் நுண்ணிய சேறு முழுவதும் ஸ்பொஞ்சில் போய் உட்காரும், இரண்டு கிழமையிலேயே அடைத்துவிடும். அடிக்கடி கழுவுவதை விட, தண்ணீரை ஒரு பரலில் பிடித்து இரண்டு நாள் தெளியவிட்டு, மேலே உள்ளதை மட்டும் மொண்டு பயன்படுத்துவது நல்லது. மழையும் குளிரும் சேர்ந்து வரும் மாதங்களில் பக்டீரியாவுக்கு ஏற்கெனவே சோதனைக் காலம். அப்போது ஸ்பொஞ்சையும் அடிக்கடி கசக்க வேண்டாமே.

மீன் செத்த கிழமையிலும், புது மீன் விட்ட கிழமையிலும், மருந்து போட்ட கிழமையிலும் பில்டரைத் தொடாதீர்கள். மெத்திலீன் நீலமும் சில அன்டிபயோட்டிக்குகளும் பில்டர் பக்டீரியாவையும் தாக்கும். மருந்து முடிந்து பத்துப் பதினைந்து நாள் போகட்டும்.

எந்தத் தண்ணீரில் கழுவுவது

தொட்டியில் இருந்தே எடுத்த தண்ணீரில்தான். குளோரின் இருக்காது, சூடும் பீ.எச்சும் (தண்ணீரின் புளிப்பைக் காட்டும் அளவு; 7க்குக் கீழே போனால் புளிப்பு) பக்டீரியாவுக்குப் பழகியதாகவே இருக்கும். எப்படியும் தண்ணீர் மாற்றத்தானே போகிறோம். வெளியே கொட்டப்போகும் தண்ணீரை வாளியில் பிடித்து அதிலேயே கழுவிவிடலாம், செலவும் இல்லை.

நகரத்தில் நீர் வழங்கல் சபையின் குழாயில் வருவது குளோரின் போட்ட தண்ணீர். பக்டீரியாவைக் கொல்வதுதான் குளோரினின் வேலை. நல்லது கெட்டது அதற்குத் தெரியாது. குழாய்க்கு அடியில் ஸ்பொஞ்சைப் பிடித்து இரண்டு நிமிடம் கசக்கினால் எல்லாமே செத்துவிடும் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரு நல்ல பங்கு போகும். போனதைத் திரும்ப வளர்க்கக் குளிரில் எவ்வளவு காலம் எடுக்கும் என்று மேலே பார்த்தோம்.

தோட்டத்து லயங்களில் கதை வேறு. பீலியில் வருவது பெரும்பாலும் மலை ஊற்றுத் தண்ணீர், குளோரின் இருக்காது. அப்படியானால் பீலியிலேயே கழுவலாமா என்று கேட்பார்கள். அவசரத்துக்குக் கழுவலாம். ஆனால் எல்லா நாளும் அது ஒரே தண்ணீராக இருக்காது. வயிற்றோட்டம், மஞ்சட்காமாலை என்று பேச்சு வந்தால் தோட்டத்துத் தாங்கியில் குளோரின் போட்டுவிடுவார்கள், நமக்குச் சொல்லிவிட்டுப் போட மாட்டார்கள். தேயிலை மலைக்குக் கீழே இருந்து எடுக்கும் தண்ணீராக இருந்தால், உரம் போட்டு மழை பெய்த நாட்களில் யூரியாவின் மிச்சம் கலந்து வரலாம். களைக்கொல்லி அடித்த நாட்களில் அதுவும் வரலாம். இந்த நாட்களில் அந்தத் தண்ணீரைப் பில்டருக்கும் தொட்டிக்கும் காட்டவே வேண்டாம்.

தண்ணீர் மாற்றக் குழாய்த் தண்ணீர்தான் இருக்கிறது என்றால், முந்தின நாளே வாளியில் பிடித்துக் காற்றுக்கல் போட்டு ஒரு நாள் ஓடவிடுங்கள், குளோரின் பறந்துவிடும். அவசரமானால் மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைப் போத்தலில் சொன்ன அளவில் விடுங்கள்.

சுடுதண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. ஜனவரிக் காலையில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி நிற்கும்போது வாளிக்குள் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். கேத்தலில் இருந்து கொஞ்சம் கொதிதண்ணீர் கலந்துவிடலாமே என்று மனம் சொல்லும். பக்டீரியா குளிரைத் தாங்கும், சூட்டைத் தாங்காது. 45 பாகையைத் தாண்டினால் ஆபத்து, கையால் ஊற்றும்போது அந்த அளவு யாருக்குப் பிடிபடும்? இறப்பர் கையுறை போடுங்கள், அல்லது வெயில் ஏறி, பகல் பதினொரு மணிக்கு மேல் வேலையை வையுங்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை

மீன்தொட்டிக்கு மட்டும் என்று வைத்த இரண்டு வாளிகள். சவர்க்காரமோ சலவைத்தூளோ ஒருமுறைகூடப் படாத வாளிகளாக இருக்க வேண்டும். தண்ணீர் இழுக்க ஒரு குழாய், பழைய பல்துலக்கி ஒன்று, ஒரு துவாய், அமோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கும் டெஸ்ட் கிட். கிட் விலைதான், ஆனால் காகிதப் பட்டையை விடத் துளி விட்டுப் பார்க்கும் திரவக் கிட்டையே நம்பலாம். ஈரம் எந்நேரமும் நிற்கும் இந்த ஊர்களில் பட்டைகள் டப்பாவைத் திறந்த சில மாதத்தில் கெட்டுவிடும்.

வேலையைத் தொடங்குவோம்

படி 1. முந்தின நாள் மாலையில் தீனியைப் பாதியாகக் குறையுங்கள். கழுவும் நாளில் தீனி போட வேண்டாம். மீன் ஒரு நாள் பட்டினி கிடந்து சாகாது. குளிர்த் தண்ணீரில் இரண்டு நாள்கூடத் தாங்கும்.

படி 2. பில்டர், ஹீற்றர் இரண்டின் பிளக்கையும் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. ஹீற்றரை நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்ட பிறகுதான் தண்ணீரை இறக்க வேண்டும். சூடாக இருக்கும் கண்ணாடிக் குழாய் தண்ணீருக்கு வெளியே வந்தால் வெடிக்கும்.

படி 3. தொட்டியில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாமல் தண்ணீரை இழுத்து இரண்டு வாளிகளிலும் பிடியுங்கள். ஒன்று கழுவ, மற்றது கழுவியதை மூழ்க வைக்க. கூழாங்கல்லின் அடியைக் கிளறி உறிஞ்ச வேண்டாம். அங்கேயும் பக்டீரியா இருக்கிறது. பில்டரும் தரையும் ஒரே நாளில் சுத்தமானால் அமோனியாவைக் கவனிக்க ஆளில்லை. தரையை இரண்டு மூன்று கிழமை கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 4. ஸ்பொஞ்சை வெளியே எடுக்கும்போது அழுக்கு தொட்டிக்குள் கொட்டிப்போகும். தண்ணீருக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் பையை ஸ்பொஞ்சுக்கு அடியால் கொண்டுவந்து, பையோடு சேர்த்துத் தூக்கினால் கலங்காது.

படி 5. இதுதான் முக்கியமான படி. முதல் வாளியில் ஸ்பொஞ்சை முழுவதும் மூழ்கவைத்து, உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி விடுங்கள். முறுக்க வேண்டாம், தேய்க்க வேண்டாம், கல்லில் அடித்துத் துணி துவைப்பது போன்ற வேலை வேண்டவே வேண்டாம். நான்கைந்து தடவை அழுத்தும்போது வாளித் தண்ணீர் கறுப்பாகும். கொஞ்சம் புதுத் தொட்டித் தண்ணீர் விட்டு இன்னொரு தடவை. அழுத்தும்போது வெளிவரும் தண்ணீர் பிளேன்டீ நிறத்துக்கு வந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். ஸ்பொஞ் இன்னும் பழுப்பாகத்தான் இருக்கும். இருக்கட்டும், கடையில் வாங்கிய அன்று இருந்த நிறத்துக்கு அதைக் கொண்டுவர நினைப்பவர்தான் மீனைக் கொல்கிறார்.

படி 6. இரண்டு ஸ்பொஞ் இருந்தால் இன்றைக்கு ஒன்று மட்டும். மற்றதைக் குறைந்தது மூன்று கிழமை கழித்து. ஹீற்றர் இல்லாத நுவரெலியாத் தொட்டியானால் நான்கு கிழமை விடச் சொல்வேன். தொட்டியில் ஒரே ஸ்பொஞ்தான் இருக்கிறது என்றால், இன்னொரு சிறு ஸ்பொஞ் பில்டரை இப்போதே வாங்கி அதற்குப் பக்கத்தில் ஓடவிடுங்கள். இரண்டு மாதத்தில் அதுவும் பக்டீரியா பிடித்துவிடும். மலையகத்தில் மீன் வளர்ப்பவருக்கு நான் ஒரேயொரு பொருள் வாங்கச் சொல்வதென்றால் அந்த இரண்டாவது ஸ்பொஞ்சைத்தான் சொல்வேன்.

படி 7. கழுவியதை உடனே இரண்டாவது வாளியில் மூழ்கவையுங்கள். ஈரமாக இருக்கும்வரை சிறிது நேரம் வெளியில் இருந்தாலும் பரவாயில்லை. வெயிலில், தகரக் கூரையில் காயவைத்தால் அன்றோடு முடிந்தது.

படி 8. மோட்டாரின் உள்ளே சுழலும் காந்தத் தண்டை இழுத்து எடுத்துப் பல்துலக்கியால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். அது உட்காரும் குழியையும் தேயுங்கள். இந்தப் பகுதியில் பக்டீரியாவைப் பற்றிக் கவலை இல்லை, குழாய்த் தண்ணீரிலேயே கழுவலாம். பில்டர் கர்ர் என்று சத்தம் போடுவதற்கும் தண்ணீர் குறைவாக வருவதற்கும் பல நேரம் காரணம் இங்கேதான் இருக்கும். ஸ்பொஞ்சைக் குற்றம் சொல்லிக் கசக்குவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். பீங்கான் தண்டு மெல்லியது, வளைத்தால் ஒடியும்.

படி 9. எல்லாவற்றையும் பொருத்தி, தெளிந்த தண்ணீரைத் தொட்டியின் சூட்டுக்கு ஓரளவு கொண்டுவந்து மெதுவாக ஊற்றி, ஹீற்றர் முழுவதும் மூழ்கியதைப் பார்த்த பிறகு பிளக்கைப் போடுங்கள். மின்கம்பி பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறும்படி இருக்கட்டும். கம்பி வழியாக வடியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பில்டருக்குப் பில்டர் மாறுவது

தொட்டி விளிம்பில் தொங்கும் பில்டரில் ஒரு கார்ட்ரிட்ஜ் இருக்கும், வெள்ளைத் துணிக்குள் கரி போட்டது. மாதம் ஒன்று மாற்றச் சொல்வார்கள். மாற்றினால் கார்ட்ரிட்ஜ் விற்கும், பக்டீரியா குப்பைக்குப் போகும். துணி கிழியும்வரை தொட்டித் தண்ணீரில் அலசி அலசியே பாவியுங்கள். கரி சில கிழமைகளில் தன் சக்தியை இழந்துவிடும், ஆனால் அதன் மேல் பக்டீரியா குடியேறியிருக்கும். கிழிந்து மாற்றத்தான் வேண்டுமென்றால் புதியதையும் பழையதையும் ஒரே பெட்டிக்குள் ஒரு மாதம், குளிர்த் தொட்டியில் ஒன்றரை மாதம் சேர்த்து ஓட்டிய பிறகு பழையதை எடுங்கள். இதைவிட நல்ல வழி, கார்ட்ரிட்ஜுக்குப் பதிலாகப் பெட்டியின் அளவுக்கு ஸ்பொஞ் வெட்டிப் போட்டுவிடுவது. செலவும் குறையும்.

மேலே பெட்டி வைத்து ஓடும் பில்டரில் வெள்ளைப் பஞ்சு, அதற்குக் கீழே வளையங்கள் இருக்கும். பஞ்சு அழுக்குப் பிடிக்கத்தான். மாற்றிவிடலாம், குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவியும் போடலாம். வளையங்களைக் கையால் கலக்காமல், பையோடு தூக்கி வாளியில் இரண்டு தடவை அமிழ்த்தி எடுத்தால் போதும். அதுவும் ஆண்டில் இரண்டு மூன்று முறைதான்.

கனிஸ்டரில் தண்ணீர் முதலில் படும் கரடு ஸ்பொஞ்சை மட்டும் ஒவ்வொரு முறையும் அலசுங்கள். உள் அடுக்குகளைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். மூடியின் இறப்பர் வளையத்துக்கு வாசலின் பூசாதீர்கள், இறப்பரை அது ஊதவைத்துவிடும். சிலிக்கன் கிறீஸ் பூசுங்கள்.

மலைத் தண்ணீரின் குணம்

பில்டரைச் சரியாகக் கழுவியும் அமோனியா ஏறுகிறது என்றால் பீ.எச் பாருங்கள். மலையகத்துப் பாறை பெரும்பாலும் கடினமான உருமாறிய பாறை, அதில் இருந்து தண்ணீருக்குக் கரைந்து வருவது குறைவு. மாத்தளை, கண்டியின் சில பகுதிகளில் சுண்ணக்கல் சேர்ந்த பாறை உண்டு, அங்கே தண்ணீரில் சுண்ணம் கொஞ்சம் கரைந்திருக்கும். மற்ற இடங்களில் ஊற்றுத் தண்ணீர் மென்மையானது, பீ.எச் விழாமல் தாங்கும் காரத்தன்மை குறைந்தது. பக்டீரியா ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை மாற்றும்போது 7 மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடிய காரத்தன்மையைத் தின்றுவிடும். தண்ணீரில் அது கொஞ்சமே இருந்தால் சில கிழமைகளில் தீர்ந்துபோய் பீ.எச் விழும். 6க்குக் கீழே போனால் பக்டீரியா உயிரோடு இருந்தாலும் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும்.

இதற்குக் கழுவிய சிப்பி ஓடு ஒரு கைப்பிடியை வலைப் பையில் கட்டிப் பில்டருக்குள் போட்டால் போதும். தண்ணீர் புளிக்கும்போது அது தானாகக் கரைந்து கொடுக்கும். தோட்டங்களில் தேயிலைக்குப் போடும் டொலமைட் தூள் கிடைக்கிறதே என்று அதை அள்ளிக் கொட்ட வேண்டாம்; தொட்டி பால்போல் கலங்கும், ஸ்பொஞ் அடைபடும்.

பீ.எச்சை ஒரே நாளில் தூக்குவது இதைவிட ஆபத்து. பீ.எச் 7இல், 25 பாகையில், மொத்த அமோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் நஞ்சான வடிவத்தில் இருக்கும்; 8இல் அது 5 சதவீதத்தைத் தாண்டும். புளித்த தொட்டியில் அமோனியா சேர்ந்து கிடக்கும்போது சோடாத்தூளை அள்ளிப் போட்டால், அதுவரை தூங்கிக்கிடந்த அமோனியா மீனைக் கொன்றுவிடும். முதலில் தண்ணீரை மாற்றி அமோனியாவைக் குறையுங்கள், பீ.எச் பிறகு மெதுவாக ஏறட்டும்.

கழுவிய பிறகு

முதல் மூன்று நாட்களுக்கு வழக்கத்தில் பாதித் தீனி. இரண்டாம் நாள், நான்காம் நாள், ஏழாம் நாள் அமோனியா, நைட்ரைட் இரண்டையும் பாருங்கள். குளிர்த் தொட்டிக்குப் பதினான்காம் நாளும் ஒருமுறை பாருங்கள். எல்லாம் மெதுவாக நடப்பதால் கெடுதலும் மெதுவாகத்தான் தலைகாட்டும். இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். கழுவிய மறுநாள் தண்ணீர் வெண்மையாக மங்கினால் அது வேறு வகைப் பக்டீரியா திடீரென்று பெருகியது, ஓரிரு நாளில் தானாகத் தெளியும். அதற்காகப் பில்டரை மறுபடி கழுவப் போகாதீர்கள்.

மீன் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து நின்றால், துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் கிடந்தால், கிட்டில் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே காற்றுக்கல்லைப் போட்டு, குளோரின் இல்லாத தண்ணீரில் நான்கில் ஒரு பங்கை மாற்றுங்கள். அமோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் தீனியை முற்றாக நிறுத்தி, தினமும் அதே அளவு மாற்றுங்கள். நைட்ரைட்டுக்கு இன்னொரு கைவைத்தியம் உண்டு: 10 லீற்றருக்கு 1 கிராம் அளவில் உப்பைக் கரைத்துவிடுவது. உப்பில் உள்ள குளோரைட், நைட்ரைட் செவுள் வழியே உள்ளே போவதைத் தடுக்கும். உப்பில் உள்ளதற்கும் குழாயில் உள்ள குளோரினுக்கும் சம்பந்தம் இல்லை, பயப்பட வேண்டாம்.

தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அவர் ஸ்பொஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரை ஒரு போத்தலில் வாங்கிவந்து உங்கள் பில்டர் உறிஞ்சும் இடத்தில் ஊற்றுங்கள். விலை கொடுத்து வாங்கும் போத்தலை விட இது பல நேரம் நன்றாகப் பிடிக்கும். அன்றைக்கே கொண்டுவந்துவிட வேண்டும்.

கரண்ட் போனால்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்போதும் ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடி மழைக்கு லைன் அறுந்தால் இரவுவரை வராத தோட்டங்கள் உண்டு. பில்டர் நின்றாலும் உள்ளே இருக்கும் பக்டீரியா ஒட்சிசனை இழுத்துக்கொண்டுதான் இருக்கும். மூடிய கனிஸ்டருக்குள் அது சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஸ்பொஞ் பில்டர் தொட்டிக்குள்ளேயே திறந்து நிற்பதால் இவ்வளவு சீக்கிரம் கெடாது.

மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் போகும்போல் இருந்தால் கனிஸ்டரைத் திறந்து, வளையப் பைகளையும் ஸ்பொஞ்சையும் தொட்டித் தண்ணீரிலேயே போட்டுவிடுங்கள். மறந்துபோய் இரவு முழுவதும் மூடியே கிடந்ததென்றால், கரண்ட் வந்தவுடன் தானாக ஓடத்தொடங்காதபடி முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே உள்ள தண்ணீரைச் சிங்க்கில் கொட்டி, எல்லாவற்றையும் தொட்டித் தண்ணீரில் இரண்டு தடவை அலசிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். அன்றிலிருந்து அடுத்த இரண்டு கிழமைக்கு அதைப் புதுப் பில்டர் என்றே எண்ணிக்கொண்டு, தீனியைக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் அமோனியா பாருங்கள்.